பெயர்ச்சொல்லை எங்கிருந்து தொடங்குவது?

"ஒன்றன் பெயரைக் குறிக்கும் சொல் பெயர்ச்சொல்." மூன்றாம் வகுப்புப் பிள்ளை இந்த வரியைப் பிழையில்லாமல் எழுதிவிடுவாள். கேட்டால் ஒப்பித்தும் விடுவாள். "சரி, ஐந்து பெயர்ச்சொல் சொல், பார்ப்போம்" என்றால் தன் பெஞ்சில் இருக்கும் ஐந்து பேரின் பெயரைச் சொல்வாள். அவள்மீது குற்றமில்லை. எட்டு வயதில் 'பெயர்' என்றால் வருகைப் பதிவேட்டைப் பார்த்துக் கூப்பிடுவது, நாய்க்குட்டிக்கு ஆசையாக வைப்பது. நாற்காலிக்கு யார் பெயர் வைத்தார்கள்? கொஞ்சம் துடுக்கான பையனாக இருந்தால் மறுபக்கமிருந்தும் மடக்குவான்: "ஓடுகிற வேலைக்குப் பெயர்தானே 'ஓடு'? அப்படியென்றால் அதுவும் பெயர்ச்சொல்தானே, டீச்சர்?"

இந்த இருவரிடமும் வரையறையை இன்னொரு முறை உரக்கச் சொல்வதால் ஒன்றும் ஆகாது. பெயர்ச்சொல்லை ஏற்கெனவே அறிந்தவருக்கு அதை நினைவூட்டத்தான் வரையறை பயன்படும். புதிதாகத் தொடக்கப் பள்ளிக்கு வந்த ஆசிரியரும், வீட்டில் உட்காரவைத்துச் சொல்லித்தரும் அம்மா அப்பாவும் அதைத் தயங்காமல் பின்னுக்குத் தள்ளிவிடலாம். ஆனால் பிள்ளைகளிடம் போகும் முன் சொல்லித்தருபவருக்கு ஒரு தெளிவு வேண்டும். தமிழில் ஒரு சொல்லைப் பெயர்ச்சொல் என்று எதை வைத்துச் சொல்கிறோம்? பெரியவர்கள் பலருக்கே இது மங்கலாகத்தான் இருக்கிறது.

சொல் நடந்துகொள்ளும் விதம்

தொல்காப்பியம் சொற்களை முதலில் பெயர், வினை என்று இரண்டாகத்தான் பிரிக்கிறது. இடைச்சொல்லும் உரிச்சொல்லும் அவற்றைச் சார்ந்து வருபவை. பெயரையும் வினையையும் பிரிக்கும் கோடு மிக எளிமையானது. பெயர்ச்சொல் வேற்றுமை ஏற்கும், காலம் காட்டாது. வினைச்சொல் காலம் காட்டும், வேற்றுமை ஏற்காது.

'மரம்' என்ற சொல் மரத்தை, மரத்தால், மரத்துக்கு, மரத்தில் என்று எத்தனை விதமாக வேண்டுமானாலும் வரும். ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அந்த உருபுகள்தான் இவை. 'கண்' இருந்த இடத்தில் இன்று பெரும்பாலும் 'இல்' வருகிறது. ஆனால் நேற்று இருந்த மரமும் 'மரம்'தான், நாளை வளரப்போவதும் 'மரம்'தான். சொல்லைப் பார்த்துக் காலத்தைக் கண்டுபிடிக்க முடியாது. 'வந்தாள்' அப்படியில்லை. நேற்றோ முன்போ நடந்துவிட்டது என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அதன் பின்னால் ஓர் 'ஐ'யை ஒட்டிப் பாருங்கள், இன்றைய தமிழ் அதை ஏற்காது.

இப்போதெல்லாம் வகுப்பறைச் சுவர்களில் வேறொரு விளக்கம் தொங்குகிறது. 'ஆள், இடம், பொருள் ஆகியவற்றைக் குறிப்பது பெயர்ச்சொல்' என்று ஆங்கிலப் பயிற்சி நூல்களிலிருந்து எடுத்துப் பெயர்த்தது. கூடவே ஆப்பிள், ஸ்ட்ராபெரி படங்கள். முதல் இரண்டு நாளுக்கு அது கை கொடுக்கும். மூன்றாம் நாள் ஒரு பிள்ளை "பசி?" என்று கேட்பாள். பசி ஆளா, இடமா, பொருளா? கனவு? சனிக்கிழமை? கசப்பு? சுவரில் இருப்பதற்குப் பதில் சொல்லத் தெரியாது. வேற்றுமைக்குத் தெரியும்: பசியை, கனவால், சனிக்கிழமைக்கு, கசப்பில்.

நமக்கு இதில் ஒரு பெரிய வசதி உண்டு. தமிழ் பேசும் வீட்டிலிருந்து வரும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு இந்தக் கோடு எங்கே இருக்கிறதென்று ஏற்கெனவே தெரியும். மரத்தை, வீட்டுக்கு, ஆற்றில் என்று சொல்ல அதற்கு யாரும் பாடம் நடத்தவில்லை. மரம் 'மரத்து' ஆவதும், வீடு 'வீட்டு' ஆவதும், ஆறு 'ஆற்று' ஆவதும் பேச்சோடு பேச்சாக வந்துவிட்டன. தான் செய்துகொண்டிருப்பதை அந்தப் பிள்ளை கவனிக்கும்படி செய்வதுதான் ஆசிரியரின் வேலை.

பைக்குள் கை

ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் 'பெயர்ச்சொல்' என்ற சொல்லையே எடுக்க வேண்டியதில்லை. ஒரு துணிப்பை போதும். அதற்குள் ஒரு பூட்டு, கொட்டாங்குச்சி, புளியங்கொட்டை, காலித் தீப்பெட்டி, கண்ணாடி இல்லாத வளையல், பம்பரம், ஒரு தேக்கரண்டி. பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டு ஒன்றைப் பிடித்து, வெளியே எடுக்காமலே அது என்னவென்று சொல்ல வேண்டும்.

கையை விட்ட பிள்ளை முதலில் பெயரைச் சொல்லாது. "சில்லென்று இருக்கிறது" என்னும். "உருண்டை" என்னும். "கனமாக இருக்கிறது, ஆட்டினால் சத்தம் வருகிறது" என்னும். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள், பாடமே இதில்தான் இருக்கிறது. "எப்படி இருக்கிறது என்று சொன்னாய். என்ன செய்கிறது என்றும் சொன்னாய். சரி, அதன் பெயர் என்ன?" என்று கேளுங்கள். "பூட்டு!" என்று கத்திக்கொண்டே வெளியே எடுப்பான். ஒரு பொருளைப் பற்றிப் பேசுவது வேறு, அதன் பெயரைச் சொல்வது வேறு என்ற வேறுபாடு எந்தக் கலைச்சொல்லும் இல்லாமல் அங்கே விழுந்துவிடுகிறது. ஒருத்தி கொட்டாங்குச்சி என்பாள், இன்னொருத்தி சிரட்டை என்பாள். இரண்டையும் பலகையில் எழுதுங்கள். ஒரு பொருளுக்கு இரண்டு பெயர் இருக்கலாம் என்பதும் சின்னச் செய்தி அல்ல.

அடுத்த நாள் வெறும் பையைக் கொண்டுபோங்கள். "இதற்குள் பசி இருக்கிறது, எடு" என்று சொல்லுங்கள். சிரிப்பார்கள். பசியை எடுக்க முடியாது, ஆனால் பசி என்று ஒன்று இருக்கிறது, அதற்குப் பெயரும் இருக்கிறது. இப்படிப் பையில் போட முடியாதவற்றைப் பிள்ளைகளே சொல்ல ஆரம்பிப்பார்கள்: தூக்கம், பயம், விடுமுறை, இருட்டு, காய்ச்சல். தொட்டுப் பார்க்க முடிவதுதான் பெயர்ச்சொல் என்ற தப்பெண்ணம் வேர் பிடிக்கும் முன்னால் இதைச் செய்துவிடுவது நல்லது. நான்காம் வகுப்பில் பிடுங்குவது கடினம்.

பொருள்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022இல் காலை உணவுத் திட்டம் தொடங்கியதிலிருந்து உப்புமா, கிச்சடி, பொங்கல், சாம்பார் ஆகியவை வகுப்பில் எல்லோருக்கும் பொதுவான சொற்கள். தட்டை வைத்துக்கொண்டே பத்துப் பெயர் சேர்த்துவிடலாம். அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்கும் அரசு நடத்தும் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாக இருப்பார்கள். அரும்பு வாயால் சொல்லட்டும், மொட்டு சொல்லை எழுதட்டும், மலர் அதை வைத்து ஒரு வாக்கியம் எழுதட்டும். பை ஒன்றுதான்.

யார், எது, எங்கே, எப்போது

சொல்லைத் தனியாகக் காட்டுவதோடு நிறுத்திவிட்டால், வாக்கியத்துக்குள் அதே சொல்லைப் பார்க்கும்போது பிள்ளை திணறும். அதனால் சீக்கிரமே வாக்கியத்துக்குப் போய்விட வேண்டும். பிள்ளைகள் சொல்லும் வாக்கியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்:

மாலையில் கவிதா கடையில் பந்தை வாங்கினாள்.

ஐந்து சொற்கள், ஐந்து பிள்ளைகள். ஆளுக்கொரு அட்டையைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்கட்டும். மற்றவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து கேள்வி கேட்பார்கள். "யார் வாங்கினாள்?" கவிதா அட்டை ஓர் அடி முன்னால் வரும். "எதை?" பந்து வரும். "எங்கே?" கடை. "எப்போது?" மாலை. ஒரே ஓர் ஆள் மட்டும் பின்வரிசையில் நிற்பான். அவனை அழைக்க எந்தக் கேள்வி வேண்டும்? "என்ன செய்தாள்?" முன்னால் நிற்பவர்கள் ஓர் அணி, பின்னால் நிற்பவன் வேறு அணி. இப்போது வேண்டுமானால் முன்னணிக்குப் பெயர்ச்சொல் என்றும் பின்னால் நிற்பவனுக்கு வினைச்சொல் என்றும் சொல்லிக்கொள்ளலாம். பொருளைப் பார்த்த பிறகு வரும் கலைச்சொல்லுக்கு யாரும் பயப்படுவதில்லை.

அடுத்து, முன்னால் நிற்பவர்களிடம் "உன் தனிப்பெயர் என்ன?" என்று கேளுங்கள். 'கடையில்' என்று அட்டையில் இருப்பவள் 'கடை' என்பாள், 'பந்தை' வைத்திருப்பவன் 'பந்து' என்பான். அட்டையின் ஓரத்தை மடித்து 'இல்'லை மறைத்துக் காட்டலாம். மரத்தில், வீட்டில், ஆற்றில் போன்றவற்றை மடித்து மறைக்க முடியாது. மரத்து என்றொரு துண்டு மிஞ்சும். சாரியை, இரட்டிப்பது என்றெல்லாம் அங்கே விளக்கம் சொல்லக் கிளம்பினால் பாடம் தடம் மாறிவிடும். "தனிப்பெயர் என்ன?" என்ற கேள்வி போதும், பிள்ளைகள் 'மரம்' என்று சரியாகவே சொல்வார்கள்.

பற்றிப் பேசு

மூன்றாம் வகுப்புக்கு மேல் நான் எல்லாவற்றையும்விட அதிகம் பரிந்துரைக்கும் விளையாட்டு இது. தயாரிப்பு எதுவும் வேண்டாம். ஆசிரியர் ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும், பிள்ளை அதோடு '-ஐப் பற்றிப் பேசினோம்' சேர்த்துச் சொல்ல வேண்டும். நாய்: நாயைப் பற்றிப் பேசினோம். மழை: மழையைப் பற்றிப் பேசினோம். ஞாயிற்றுக்கிழமை, ஓட்டம், சிவப்பு, அழகு எல்லாமே ஒத்துவரும். இடையில் 'ஓடினான்' என்று போடுங்கள். "ஓடினானைப் பற்றி..." என்று இழுக்கும்போதே அவன் முகம் கோணும். 'அழகான' போடுங்கள், 'மெதுவாக' போடுங்கள், 'சிவந்த' போடுங்கள். நாக்கு மறுத்துவிடும். வேற்றுமை என்ற சொல்லைக் கேள்விப்படாத பிள்ளை வேற்றுமைச் சோதனையைச் செய்கிறது!

'ஐப் பார்த்தேன்' என்று வைத்தால் எளிதாக இருக்குமே என்று தோன்றும். பசியையும் சனிக்கிழமையையும் பார்க்க முடியாது என்பதால் பிள்ளை அவற்றைத் தள்ளிவிடும். எதைப் பற்றியும் பேசலாம், அதனால் 'பற்றி'யே நல்லது.

கெட்டிக்காரப் பிள்ளை ஒருத்தி 'ஓடினான்' என்பதற்கு "அவன் ஓடியதைப் பற்றிப் பேசினோம்" என்று சொல்லிவிடுவாள். பாராட்டுங்கள். அவள் கொடுத்த சொல்லை மாற்றி, அதிலிருந்து ஒரு பெயரை உண்டாக்கிவிட்டாள். "ஓடியது என்று மாற்றினாய், அதனால் ஏறியது. ஓடினான் என்று இருந்தபோது ஏறவில்லையே" என்று சொன்னால் போதும்.

இந்த விளையாட்டில் இன்னொன்றும் வெளிப்படும். "அவன்" என்றால் அவனைப் பற்றி, "நான்" என்றால் என்னைப் பற்றி, "மூன்று" என்றால் மூன்றைப் பற்றி. ஆங்கில வகுப்பில் நான், நீ, அவன் போன்றவை தனி இனம் என்று படித்த பிள்ளை இங்கேயும் அவற்றைத் தள்ளிவைக்கும். சில ஆசிரியர்களும் விடைத்தாளில் தவறு போட்டுவிடுகிறார்கள். தமிழ் இலக்கணத்தில் தன்மை, முன்னிலை, படர்க்கைப் பெயர்கள் எல்லாம் பெயர்ச்சொற்களே. எண்ணுப்பெயரும் அப்படித்தான். அடுத்த பாடவேளை ஆங்கிலம் என்பதற்காகத் தமிழ் இலக்கணம் வழிவிட வேண்டியதில்லை.

ஆடும் ஆடும்

ஓடு என்பது பெயர்தானே என்று மடக்கினானே, அவனுக்கு உரிய பதிலைப் பேச்சால் கொடுக்க வேண்டாம். பலகையில் இரண்டு வரி எழுதுங்கள்.

கூரையில் இருந்து ஓடு விழுந்தது.
மழை வருகிறது, வீட்டுக்கு ஓடு!

முதல் வரியில் உள்ளதை 'ஓட்டைப் பற்றிப் பேசினோம்' என்று சொல்ல முடியும். இரண்டாவதை அப்படிச் சொல்ல முடியாது. சொல்லைத் தனியாக வைத்துக்கொண்டு அது பெயரா வினையா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது, வாக்கியத்தில் அது செய்யும் வேலையைப் பார்க்க வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. (அம்மாவோடு போனேன் என்பதிலும் ஓர் 'ஓடு' இருக்கிறது. அதை யாராவது பிள்ளை கண்டுபிடித்துச் சொன்னால் அன்றைக்கு அவளுக்குத்தான் மகுடம். நாமாகச் சொல்லத் தேவையில்லை.)

தமிழில் இப்படிப்பட்ட சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆடு, படி, அடி, தட்டு, கட்டு, விதை, உடை, அணி, அலை, மலர், காய், கல். பிள்ளைகள் நடித்துக் காட்டட்டும். ஒருவன் 'ஆடு' என்று எழுதிய சீட்டை எடுத்து நான்கு காலில் நின்று கத்துவான், அடுத்தவள் அதே சீட்டுக்கு ஆடிக் காட்டுவாள். பிறகு இரண்டும் ஒரே வரியில் வரும்படி வாக்கியம் அமைக்கச் சொல்லுங்கள். "படியில் உட்கார்ந்து படி." "தட்டைத் தட்டு." "விதையை விதை." இதில் ஒரு சின்னப் பொறி வைக்க ஆசைப்பட்டால் 'மாலையில் மாலை கட்டினாள்' என்று எழுதுங்கள். இரண்டுமே பெயர்ச்சொற்கள். ஒன்று எப்போது என்பதற்கு விடை, மற்றது எதை என்பதற்கு. அதை யோசித்துக்கொண்டு வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கும். தொடக்கப் பள்ளியில் இது அபூர்வம்.

உயர்திணை, அஃறிணை பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனென்றால் அதையும் பிள்ளைகள் சொல்லித்தராமலே பேசுகிறார்கள். வந்தான், வந்தாள், வந்தார்கள், வந்தது, வந்தன என்ற ஐந்து சீட்டுகளைச் சுவரில் ஐந்து இடத்தில் ஒட்டிவிட்டு ஒரு பெயரைச் சொன்னால் பிள்ளைகள் உரிய சீட்டை நோக்கி ஓடுவார்கள். மாமா, பசு, அக்கா, காகங்கள், மாணவர்கள். 'குழந்தை' என்று சொன்னதும் கூட்டம் கலையும். ஆள்தான், ஆனால் குழந்தை அழுதது என்றுதானே சொல்கிறோம்? கதையில் வரும் நரி சொன்னதா, சொன்னானா? இந்த இடங்களில் முடிந்த முடிவு சொல்லாமல் பேசவிடுவது நல்லது. குழந்தை உயர்திணைதான், வழக்கில் அஃறிணை வினையோடு வருகிறது என்று கடைசியில் ஒரு வரி சொல்லிவிடலாம்.

ஒரு வேப்பமரம், ஆறு வகை

பவணந்தி முனிவர் நன்னூலில் பெயர்களைப் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்று ஆறாகப் பகுக்கிறார். 13ஆம் நூற்றாண்டு நூல், இன்றைய பாடநூலிலும் அதே ஆறுதான். குணத்தை மட்டும் பண்பு என்கிறோம். வழக்கமாக இந்த ஆறையும் ஒரே நாளில் அட்டவணை போட்டு, ஒவ்வொன்றுக்கும் மூன்று எடுத்துக்காட்டு எழுதிப் போட்டு முடித்துவிடுவார்கள். மறுவாரம் கேட்டால் பிள்ளைகளுக்குச் சினையும் பண்பும் ஒன்றாகத் தெரியும்.

பள்ளி முற்றத்தில் ஒரு வேப்பமரம் இருந்தால் அட்டவணை தேவையில்லை. மரத்தடியில் உட்காரவைத்துத் தொடங்குங்கள். எதன் அடியில் உட்கார்ந்திருக்கிறோம்? வேம்பு. அது நிற்கும் இடம்? முற்றம். எப்போது பூக்கும்? பங்குனி, சித்திரை. வருடப்பிறப்பன்று வேப்பம்பூப் பச்சடி வைக்கும் வீட்டுப் பிள்ளைகள் இந்தக் கேள்விக்கு உடனே கை தூக்குவார்கள். மரத்தில் என்னென்ன இருக்கின்றன? வேர், கிளை, இலை, பூ, காய். இலையைக் கொஞ்சம் கடித்துப் பார், என்ன தெரிகிறது? கசப்பு. நிறம்? பச்சை. தலையைத் தூக்கிப் பார், அண்ணாந்து பார்க்க வைப்பது எது? உயரம். இந்த மரத்துக்கு என்னென்ன நடக்கிறது? துளிர்த்தல், பூத்தல், காய்த்தல், உதிர்தல். பொருட்பெயர், இடப்பெயர், காலப்பெயர், சினைப்பெயர், பண்புப்பெயர், தொழிற்பெயர் எல்லாம் ஒரு மரத்தடியிலேயே வந்துவிட்டன. எது எந்தக் கேள்விக்கு வந்த விடை என்பது பிள்ளையின் நினைவில் நிற்கும், ஏனென்றால் அந்தக் கசப்பு நாக்கில் இருக்கிறது.

இதில் "கீழே விழுந்த இலையும் சினையா?" என்று ஒரு கேள்வி வரும். மரத்தின் உறுப்பு என்பதால் அப்போதும் சினைப்பெயர்தான். சைக்கிள் சக்கரத்தையும் கேட்பார்கள். தொடக்க வகுப்பில் உயிருள்ளவற்றின் உறுப்புகளோடு நிறுத்திக்கொள்வது வம்பில்லாதது.

உண்மையான சிக்கல் தொழிற்பெயரில்தான் இருக்கிறது. பூத்தல் என்பது ஒரு செயல். அப்படியிருக்க வினை என்று ஏன் சொல்லக் கூடாது? இங்கே இரண்டாவது அடையாளத்தை எடுங்கள்: காலம். நேற்று பூத்தது, இன்று பூக்கிறது, நாளை பூக்கும். மூன்று நாளுக்கு மூன்று உருவம். 'பூத்தல்' மூன்று நாளும் ஒரே உருவம். பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த செயல்களை எடுத்து இதைச் செய்து பார்க்கட்டும். விளையாடினேன், விளையாடுகிறேன், விளையாடுவேன். ஆனால் எப்போதும் விளையாட்டு. சிரித்தாள், சிரிக்கிறாள், சிரிப்பாள், எப்போதும் சிரிப்பு. படிப்பு, தூக்கம், சமையல், பாட்டு, நடை. 'சமையல்' ஒரு தொழிற்பெயர் என்பது பெரியவர்களில் பலருக்கே புதிய செய்தியாக இருக்கும்.

வகுப்பறைக்குத் திரும்பியதும் எழுத இடம் வேண்டும். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பிறகு மாநிலம் முழுதும் பரவிய செயல்வழிக் கற்றலின் காலத்தில் சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகளின் உயரத்துக்குக் கரும்பலகை அமைத்தார்கள். பல பள்ளிகளில் அது இன்னும் இருக்கிறது, பெரும்பாலும் சும்மாதான் இருக்கிறது. அதை ஆறு கட்டமாகப் பிரித்து, ஒரு வாரம் விட்டுவிடுங்கள். வழியில் கண்டது, வீட்டில் கேட்டது என்று பிள்ளைகள் வந்து எழுதிக்கொண்டே இருப்பார்கள். தவறான கட்டத்தில் எழுதியதை நீங்கள் அழிக்காதீர்கள், அடுத்த பிள்ளை சண்டைக்கு வரும்வரை காத்திருங்கள்.

மணி யார்?

பொதுப்பெயர், சிறப்புப்பெயர் என்ற பிரிவில் ஆங்கிலமும் தமிழும் ஒன்றாகப் போகவில்லை, பிள்ளைகள் குழம்புவது இதனால்தான். ஆங்கில வகுப்பில் மரமும் பொதுப்பெயர், வேம்பும் பொதுப்பெயர்; ஓர் ஆளின், ஊரின் பெயர்தான் சிறப்பு, அதன் முதல் எழுத்து பெரிதாக இருக்கும். நம் இலக்கணத்தில் மரம் பொதுப்பெயர், வேம்பு சிறப்புப்பெயர். ஒன்று பலவற்றுக்கும் பொதுவாக வருவது, மற்றது அவற்றுள் ஒன்றை மட்டும் சிறப்பாகச் சுட்டுவது. இரண்டு வகுப்பையும் ஒரே ஆசிரியர் எடுத்தால் இரண்டையும் ஒரே வாரத்தில் நடத்தாமல் இருப்பது புத்திசாலித்தனம்.

தமிழ் எழுத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கிடையாது என்பதையே விளையாட்டாக்கலாம். 'மணி' என்று மட்டும் பலகையில் எழுதிவிட்டு யார், எது என்று கேளுங்கள். மணி அடித்தது. மணி அடித்தான். மணி குரைத்தது. மணி பத்து. மணி கோத்தாள். ஆள், நாய், கோயிலில் தொங்குவது, கடிகாரம் காட்டுவது, நூலில் கோப்பது என்று எல்லாம் ஒரே இரண்டெழுத்தில்.

பெயர்கள் எப்படி வந்தன என்பதில் பிள்ளைகளுக்குத் தீராத ஆர்வம் உண்டு. நான்கு கால் இருப்பதால் நாற்காலி, மரத்தைக் கொத்துவதால் மரங்கொத்தி, மின்சாரத்தால் விசிறுவதால் மின்விசிறி. இவை காரணப்பெயர்கள். கல், மண், நாய் என்பவற்றுக்கு அப்படிக் காரணம் தெரியவில்லை, அவை இடுகுறிப்பெயர்கள். இந்தக் கலைச்சொற்களை மேல்வகுப்புக்கு விட்டுவிட்டு, பெயர் வைக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். அழிப்பானுக்கு அந்தப் பெயர் இல்லாவிட்டால் என்ன பெயர் வைப்பாய்? குடைக்கு? டிவி ரிமோட்டுக்கு? பச்சைப் பலகையையும் ஏன் கரும்பலகை என்கிறோம் என்று ஒருத்தி கேட்டால், பாடம் பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம்.

விடுகதையும் இதே குடும்பம்தான். "கறுப்புச் சட்டைக்காரன், காவலுக்குக் கெட்டிக்காரன்" என்றால் பூட்டு. விடுகதையின் விடை பெயர்ச்சொல்லாகவே வரும், கேள்வி முழுக்க அதன் குணமும் செயலுமாக இருக்கும். விடுகதை சொல்லவைப்பதைவிட உண்டாக்கவைப்பது மேல். பெயரைச் சொல்லாமல் பொருளைக் காட்ட வேண்டும் என்ற கட்டாயம், பெயருக்கும் மற்றச் சொற்களுக்கும் உள்ள எல்லையை அவர்களையே வரைய வைக்கிறது.

கோடிட்ட இடங்கள்

கற்றுக்கொண்டார்களா என்று எப்படிப் பார்ப்பது? 'கீழ்க்காணும் பத்தியில் பெயர்ச்சொற்களை அடிக்கோடிடுக' என்ற பயிற்சியில் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துக் கோடு போட முடியும், என்ன புரிந்தது என்று தெரியாது. அதைத் தலைகீழாக்குங்கள். பெயர்ச்சொற்களை மட்டும் எடுத்துவிட்டு ஒரு கதையைக் கொடுங்கள். உருபுகள் அப்படியே நிற்கட்டும்.

முன்பு ஒரு ______ இருந்தது. அது ஒருநாள் ______க்குப் போனது. அங்கே ஒரு ______ஐப் பார்த்தது. தன் ______ஆல் அதைத் தட்டியது.

ஒருவன் யானை, கடை, இட்லி, தும்பிக்கை என்று நிரப்புவான். யானை கடைக்குப் போய் இட்லியைத் தும்பிக்கையால் தட்டும். இன்னொருத்தி பூனை, நிலா, தயிர்ச்சட்டி, வால் என்று எழுதுவாள். முதல் இடத்தில் 'அப்பா' என்று எழுதியவன் "ஒரு அப்பா இருந்தது" என்று வாசிக்கும்போது வகுப்பே சிரித்துவிடும், அவனே திருத்திக்கொள்வான். 'அழகான' என்று எழுத நினைப்பவளை அந்த 'ஐ' தடுத்து நிறுத்தும். தமிழில் உருபு மட்டும் தனியே நின்றாலும் அந்த இடம் பெயருக்கு உரியது என்று தெரிந்துவிடுகிறது.

பஸ், சார்ஜர், பிரியாணி, நூடுல்ஸ் எல்லாம் வரும். தமிழ்ச் சொல்லா என்ற கேள்வி இன்னொரு பாடவேளைக்கு உரியது. சார்ஜரை, சார்ஜரால், சார்ஜருக்கு என்று வருகிற சொல் பெயர்ச்சொல்தான், சரி போடுங்கள். எழுத்துப்பிழைகளை அன்றைக்குத் தொடாதீர்கள், அதற்குத் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம். 'தும்பிகையால்' என்று க் இல்லாமல் எழுதியவனும் கேட்ட இடத்தில் பெயர்ச்சொல்லைத்தான் வைத்திருக்கிறான்.